பிக்கப் வண்டிக்கு எழும்பும் கூரை டாப்பர்: எடை மேடையில் தொடங்கி முதல் இரவு வரை

ஓடும்போது கேபின் உயரத்தை ஒட்டி மடங்கிக் கிடக்கும். நிறுத்தியதும் கூரையைத் தூக்கினால் படுக்கவும் நிமிர்ந்து நிற்கவும் இடம் கிடைக்கும். பிக்கப் வண்டியின் பின் தொட்டிமேல் உட்காரும் இந்தக் கூட்டைத்தான் இங்கே டாப்பர் என்கிறேன். கிருஷ்ணகிரியில் என் வண்டிக்கு ஒன்று பொருத்தினேன். அப்புறம் ஓசூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து நண்பர்கள் நான்கு பேருக்குக் கூடவே நின்று பொருத்திக் கொடுத்தேன்.

ஐந்து முறையும் ஒரே தடுமாற்றம்தான். முதலில் ஒரு கூடு பிடித்துப்போகிறது. முன்பணம் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் வண்டி எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி வருகிறது. நானும் முதல் கூட்டை அப்படித்தான் செய்யக் கொடுத்தேன். அது 190 கிலோவில் வந்து நின்றது, ஒரு வருடத்தில் இறக்கிவிட்டேன். அதனால் இந்த வழிகாட்டியில் கூட்டின் வகை ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஐந்தும் வண்டியைப் பற்றியவை, உங்களைப் பற்றியவை.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஆர்.சி., வண்டியோடு வந்த கையேடு, ஐந்து மீட்டர் டேப், ரசமட்டம், டார்ச், பெரிய அட்டைப்பெட்டிகள் இரண்டு, ஒரு நோட்டு. கூட ஒருவர் இருக்க வேண்டும், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க. டீசல் டேங்கை முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். காரணம் இரண்டாம் படியில் வரும்.

1. எங்கே, யார், எத்தனை இரவு என்று எழுதுங்கள்

இதை மனக்கணக்காக விடாமல் நோட்டில் எழுதச் சொல்கிறேன். வருடத்தில் ஐந்து இரவு தங்குபவருக்கும் ஐம்பது இரவு தங்குபவருக்கும் கூடு வேறு. இரண்டு பெரியவர்கள் மட்டுமா, குழந்தையும் உண்டா என்பதில் படுக்கையின் அகலம் மாறும்.

அடுத்த கேள்வி, தொட்டி வேறு எதற்குத் தேவை? பாலக்கோட்டு நண்பர் வாரம் இரண்டு நாள் தக்காளிப் பெட்டி ஏற்றுபவர். "லோடு வந்தா கூட்டைக் கழட்டி வெச்சுடலாம்ல அண்ணா?" என்றார். "ஒவ்வொரு தடவையும் நாலு ஆள் வேணும்பா, அறுவடை நாள்ல நாலு ஆள் எங்க கிடைப்பாங்க?" என்றேன். அவருக்குக் கடைசியில் பக்கக் கதவு அகலமாகத் திறக்கும் கூடு பொருந்தியது. கூடு மேலேயே இருக்க, பெட்டிகள் மூன்று பக்கமிருந்தும் உள்ளே போகின்றன.

தங்கும் இடத்தையும் எழுதுங்கள். நம் பக்கத்தில் மலை, காடு என்று ஆசை வருவது இயல்பு. ஆனால் அஞ்செட்டி, உரிகம், ஒகேனக்கல் பக்கத்துக் காட்டின் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரின சரணாலயங்களுக்குள் வருகிறது. முதலாவது 2014-இலும் அடுத்தது 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே வண்டியை ஓரங்கட்டித் தூங்கக் கூடாது. ஆக உண்மையில் நாம் தூங்குவது நண்பரின் மாந்தோப்பு, ஏரிக்கரைக்கு அருகே தெரிந்தவர் பட்டா நிலம், நெடுஞ்சாலை ஓட்டலின் பின்புறம் போன்ற இடங்களில்தான். இது தெரிந்தால் பெரிய டயர், உயரம் கூட்டும் கிட் போன்ற செலவுகள் தானாக விழுந்துவிடும்.

கடைசியாக, வீட்டில் வண்டி நிற்கும் ஷெட்டின் உயரத்தை அளந்து எழுதுங்கள். பெங்களூருக்குப் போய்வருபவர் என்றால் அங்கே வழக்கமாக நிறுத்தும் தரைத்தள பார்க்கிங்கின் உயரப் பலகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய கூடு கேபினைவிட ஒரு சாண் உயர்ந்தாலே பல இடங்களில் நுழையாது.

2. வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள்

இந்தப் படிக்குத்தான் மிக அதிக நேரம் கொடுங்கள். மாம்பழக் கூழ் ஆலையும் கிரானைட் லாரியும் உள்ள ஊர், எடை மேடைக்குப் பஞ்சமில்லை. காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள்.

டேங்க் நிறைந்திருக்க வேண்டும், ஓட்டுபவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சட்டப்படி அந்த எடையில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை. வாங்கிய பிறகு நீங்கள் போட்ட முன்பக்க கார்டு, தொட்டி லைனர், கனமான டயர் எதுவும் அதில் வராது. எழுபது லிட்டர் டீசலே அறுபது கிலோவை நெருங்கும்.

மூன்று சீட்டு வாங்குங்கள். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில், முழு வண்டியும் மேடையில், பின் சக்கரங்கள் மட்டும் மேடையில். லாரி எடை மேடைகள் ஐந்து, பத்து கிலோ படியில்தான் எண் காட்டும். ஆகவே இருபது கிலோவை முதலிலேயே பிழைக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பிலிருந்து முழு வண்டிச் சீட்டின் எண்ணைக் கழியுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: வரம்பு 2,400 கிலோ, சீட்டு 2,070 கிலோ. மிச்சம் 330. பிழை ஒதுக்கீடு போக 310. பக்கத்தில் உட்காருபவர் 65, மிச்சம் 245. நாற்பது லிட்டர் தண்ணீர் 40, மிச்சம் 205. கூடு 150, மிச்சம் 55. மெத்தை, பேட்டரி, சின்ன ஃபிரிட்ஜ் மூன்றும் 45. கையில் பத்தே கிலோ. துணிமணி, அடுப்பு, அரிசி, ஜாக்கி எல்லாம் இன்னும் கீழேயே இருக்கின்றன.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர் 200 கிலோ கூட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார். நம் ஊரில் சொந்த உபயோகத்துக்கு விற்கும் இரட்டை கேபின் பிக்கப்களில் சுமைத் திறன் நினைப்பதைவிடக் குறைவு. பட்டைக்கட்டு, அதாவது பின் அச்சின் லீஃப் ஸ்பிரிங், சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பட்டை கூடினால் பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். வரம்பு எடை கூடாது. பிரேக், அச்சு, டயர், சேஸிஸ் எல்லாம் பழையவையே. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சூடேறுவது பிரேக்தான், பட்டை அல்ல.

டயரின் பக்கவாட்டில் உள்ள சுமை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 112 என்றிருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். பின் அச்சுச் சீட்டோடு ஒப்பிடுவதற்கு இது வேண்டும்.

3. எடை எந்த இடத்தில் உட்காருகிறது என்று பாருங்கள்

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் அது பின் அச்சுக்குப் பின்னால் போனால் சிக்கல் வேறு. இரு அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னால் நூறு கிலோ வைத்தால் பின் அச்சில் 119 கிலோ ஏறும். அந்த அதிகப்படி 19 கிலோ முன் சக்கரத்திலிருந்து குறைந்தது. ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான்.

தண்ணீர் கேன், பேட்டரி இரண்டையும் கேபினை ஒட்டிய முன் மூலையில் வைக்க இடமிருக்கும் கூட்டைத் தேடுங்கள். பின் கதவை ஒட்டிக் கனமான சமையல் பெட்டி இழுப்பறை உள்ள வடிவங்கள் பார்க்க அழகு. ஐந்தடித் தொட்டிக்கு அவற்றை நான் சிபாரிசு செய்வதில்லை.

4. தொட்டியை அளங்கள்

ஒரே இடத்தில் அளந்து எண்ணை அனுப்புவது புதியவர்கள் செய்யும் இரண்டாவது பெரிய தவறு. தொட்டியின் அகலம் கேபின் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, பின் கதவுப் பக்கம் ஒன்று. மூன்றும் எழுதுங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு அளவு. அவை பொருந்தவில்லை என்றால் தொட்டி எப்போதோ இடிபட்டுக் கோணியிருக்கிறது. சதுரமாகச் செய்த கூடு அதன்மேல் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டே நிற்கும், தண்ணீர் அந்த மூலையில்தான் வரும்.

பக்கச் சுவரின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் லைனர் விளிம்பின்மேல் கவிழ்ந்திருந்தால் கூட்டைத் தொட்டியோடு இறுக்கும் கிளாம்ப் பிடிக்காது, லைனரைக் கழற்ற வேண்டும். விளிம்புக்கு அடியில் கிளாம்ப் வாய் நுழைய எவ்வளவு இடம் என்பதையும் அளங்கள்.

கேபினுக்கும் தொட்டிக்கும் உள்ள இடைவெளி பற்றி யாரும் கேட்பதில்லை. பிக்கப்பில் கேபினும் தொட்டியும் சேஸிஸ்மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. மேடுபள்ளத்தில் ஒன்று இந்தப் பக்கம் சாயும்போது மற்றது அந்தப் பக்கம் சாயும். டாப்பரின் படுக்கைப் பகுதி கேபின் கூரைமேல் நீட்டிக்கொண்டிருப்பதால், அங்கே இடம் குறைந்தால் கூரையில் உரசும்.

அதற்கு ஒரு சோதனை. சமதரையில் இடைவெளியை அளங்கள். பிறகு ஒரு பின் சக்கரத்தை மட்டும் உறுதியான திட்டின்மேல் ஏற்றி நிறுத்தி மறுபடி அளங்கள். எவ்வளவு மாறுகிறதோ அதைப் போல இரண்டு பங்காவது கூட்டுக்கும் கேபின் கூரைக்கும் இடையே விடச் சொல்லுங்கள். பென்னாகரத்து வண்டியில் இதைச் செய்யாமல் விட்டோம். மூன்று மாதத்தில் கேபின் கூரையில் பெயின்ட் போய்த் தகடு தெரிந்தது.

அட்டைப்பெட்டிகள் இப்போது தேவை. பார்க்கும் கூட்டின் படுக்கை அளவுக்கு அட்டையை வெட்டித் தரையில் போட்டு இரண்டு பேரும் படுத்துப் பாருங்கள். நடுத்தர பிக்கப் டாப்பர்களில் படுக்கை பெரும்பாலும் நாலடி, நாலரை அடி அகலம்தான். வீட்டுக் கட்டிலில் ஆறடியில் உருண்டு படுப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தாளில் பார்த்தால் தெரியாது.

5. முன்பணத்துக்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

"கழட்டுற பொருள்தானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்கள் நிறைய. வாய்மொழியாகக் கேட்டதை வைத்துப் பணம் கட்டாதீர்கள். கூட்டின் வரைபடம், நீள அகல உயரம், எடை, பொருத்தும் முறை, துளையிடுவது உண்டா இல்லையா, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி உங்கள் வண்டி பதிவான அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். டி.என். 24 என்றால் கிருஷ்ணகிரி, 29 என்றால் தருமபுரி, 70 என்றால் ஓசூர். பதில் எழுத்தில் வரட்டும். சரக்கு வாகனமாகப் பதிவான மஞ்சள் போர்டு வண்டிக்கு எஃப்.சி. பரிசோதனையும் உண்டு என்பதால் அங்கே இன்னும் கவனம்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் அதே தாளை அனுப்புங்கள். சொல்லாமல் பொருத்திய கூடு, விபத்தான அன்று கிளெய்ம் மறுக்கக் காரணமாகும்.

வரைபடத்தில் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். நம்பர் பிளேட் மறையக் கூடாது. பின் விளக்குகள் மறையக் கூடாது. கேபின் பின்கண்ணாடிமேல் மூன்றாவது பிரேக் விளக்கு இருந்தால் கூடு அதை மறைத்துவிடும், கூட்டின் பின்புறம் ஒன்று வைக்க வேண்டும். உள் கண்ணாடியில் பின்பக்கம் தெரியாமல் போவதால் பின் கேமரா செலவையும் இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

6. கூரை எப்படி எழும்ப வேண்டும் என்று தீர்மானியுங்கள்

பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, முன்னால் கீல் போட்டுப் பின்பக்கம் மட்டும் எழும்புவது. பக்கவாட்டில் பார்த்தால் ஆப்பு வடிவம். மற்றது, நான்கு மூலையும் சமமாக நேரே எழும்புவது.

ஆப்பு வகையில் அசையும் பாகம் குறைவு. இரண்டு கேஸ் ஸ்ட்ரட் (வாயு அழுத்தத்தால் கூரையைத் தூக்கிப் பிடிக்கும் தண்டு), ஒரு நீளக் கீல், முடிந்தது. ஒருவரே ஒரு நிமிடத்துக்குள் திறந்து மூடலாம். காற்று வரும் திசைக்கு வண்டியின் முன்பக்கத்தைக் காட்டி நிறுத்தினால் காற்று சரிவில் ஏறிப் போய்விடும். ஆடிக் காற்றில் ராயக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலத்தில் இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். குறை என்னவென்றால், கால் நீட்டும் பக்கம் கூரை முட்டிக்கு அருகே வரும். இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து பேச முடிவது பின்பக்கத்தில் மட்டும்.

நேரே எழும்பும் வகையில் இரு முனையிலும் தலைக்கு இடம் கிடைக்கும், நாற்காலி போட்டு வேலை பார்க்கலாம். ஆனால் நான்கு பக்கமும் துணிச் சுவர் உயர்ந்து நிற்பதால் எந்தத் திசைக் காற்றுக்கும் படபடக்கும். தூக்கும் பொறி இரு முனையிலும் இருப்பதால் எடை கூடும். ஒரு முனை சற்று முந்தினால் கூரை கோணிக்கொள்ளும்.

மழை நாளில் பகலிலும் உள்ளேயே இருக்கப் போகிறவர்களுக்கு, அல்லது உள்ளே உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு, இரண்டாவது சரி. இரவுத் தூக்கத்துக்கு மட்டும் என்றால் ஆப்பு வகை போதும். நான் பார்த்த ஐந்தில் நான்கு ஆப்பு வகைதான், அவர்களில் யாரும் மாற்ற நினைக்கவில்லை.

கேஸ் ஸ்ட்ரட் தேர்வில் ஒரு எச்சரிக்கை. கூரைமேல் சோலார் பலகை வைக்கும் எண்ணம் இருந்தால் ஸ்ட்ரட் ஆர்டர் செய்யும் முன்பே சொல்லிவிடுங்கள். நூறு வாட் கண்ணாடிப் பலகையே ஆறேழு கிலோ. குறைந்த விசையுள்ள ஸ்ட்ரட்டில் கூரை நடு இரவில் மெல்ல இறங்கும். குளிரில் வாயுவின் அழுத்தம் குறைவதால் மார்கழியில் தளியில் இது இன்னும் தெரியும். அதிக விசையுள்ளதைப் போட்டால் மூடும்போது தொங்கி இழுக்க வேண்டிவரும், கூரைத் தகடும் வளையும். எந்த ஸ்ட்ரட் போட்டாலும் திறந்த நிலையில் கூரையைத் தாங்க ஒரு முட்டுக் கம்பி கட்டாயம் வேண்டும்.

7. சட்டகம், தகடு, துணி

இங்கேயும் எடைதான் பேசும். 25க்கு 25 மி.மீ., 1.6 மி.மீ. கனமுள்ள இரும்புச் சதுரக் குழாய் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோ. ஒரு கூட்டின் சட்டகத்துக்கு நாற்பத்தைந்து மீட்டர் போனால் குழாய் மட்டும் 54 கிலோ. 1.2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ. அலுமினியத் தகடு 1.6 மி.மீ. போட்டாலும் 4.3 கிலோதான். எட்டுக்கு நாலு அடி, 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றே இருபது கிலோவைத் தாண்டும். படுக்கைக்குப் பிளைவுட் போடும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியத்தில் ஒரு சிக்கல் உண்டு. இரும்போடு நேராக ஒட்டி ஈரமும் சேர்ந்தால் அரிக்கும். தொட்டி விளிம்புக்கும் கூட்டுக்கும் நடுவே முழு நீளத்துக்கும் ரப்பர் பட்டி வேண்டும். போல்ட் எஸ்.எஸ். 304, அதன் அடியில் நைலான் வாஷர்.

கூரைக்கு வெறும் தகடு வேண்டாம். சித்திரை வெயிலில் பகலெல்லாம் நின்ற வண்டிக்குள் இரவு ஒன்பது மணிக்கும் படுக்க முடியாது. நடுவே நுரை வைத்த பலகையாகவும் மேற்புறம் வெள்ளையாகவும் இருக்கட்டும். கறுப்புக் கூரை படத்தில் மட்டும்தான் நன்றாக இருக்கும்.

துணியில்தான் பலர் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். தார்ப்பாய் போன்ற பி.வி.சி. பூச்சுத் துணி தண்ணீரை வெளியே நிறுத்தும், உள்ளே உள்ள ஈரத்தையும் வெளியே விடாது. இரண்டு பேர் தூங்கும் இரவில் மூச்சிலும் தோலிலும் போகும் ஈரம் அரை லிட்டருக்குக் குறையாது. தேன்கனிக்கோட்டைக் குளிரில் அது துணியின் உள்புறம் நீர்த்துளியாகி விடியற்காலையில் முகத்தில் சொட்டும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த கேன்வாஸ் விலை கூடுதல், காய நேரம் எடுக்கும், ஆனாலும் நான் அதையே சொல்வேன். எதிரெதிரே இரண்டு சன்னல், இரண்டிலும் மணல்கொசுகூட நுழையாத நெருக்கமான வலை. கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஒரு மாலை இருந்தால் ஏன் என்று புரியும்.

8. வெளியிலிருந்து வாங்குவதா, இங்கே செய்வதா

வெளிநாட்டுக் கூடுகள் வண்டி மாதிரிக்கென்றே செய்யப்படுபவை. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து கோ ஃபாஸ்ட் கேம்பர்ஸ் ஆப்பு வகையில் 125 கிலோ அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது, அந்த எடை நமக்கு ஒத்துவரும். ஆனால் அங்கே செய்வது அங்கே ஓடும் வண்டிகளின் தொட்டிக்கு. நமக்கு நெருக்கமானவை ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து. தென்னாப்பிரிக்காவின் அலு-கேப் போன்றவை டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் வண்டிகளுக்குச் செய்கின்றன.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 2019-இல் வெளிநாட்டில் வந்த புதிய டி-மேக்ஸின் உடலமைப்பு வேறு. நம் சாலையில் ஓடும் டி-மேக்ஸ் வி-கிராஸ் அதற்கு முந்தைய தலைமுறை. "டி-மேக்ஸுக்கு" என்று மட்டும் சொல்லி ஆர்டர் செய்தால் தவறான கூடு வந்து நிற்கும், கப்பல் கட்டணமும் சுங்கமும் கட்டிய பிறகு. நான்காம் படியில் எடுத்த அளவுகளை அனுப்பி, எழுத்தில் உறுதி வாங்குங்கள். 2022-இல் இங்கே வந்த ஹைலக்ஸ் வெளிநாட்டில் 2015-இல் வந்த தலைமுறை. 2025-இல் அங்கே புதிய ஹைலக்ஸ் அறிமுகமாகிவிட்டதால் அதற்கும் எந்தத் தலைமுறை என்று சொல்லியே ஆர்டர் செய்யுங்கள்.

மகிந்திரா பொலேரோ கேம்பர், டாடா யோதா வைத்திருப்பவர்களுக்கு இங்கே செய்வதுதான் வழி. ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு வேலை செய்யும் பட்டறைகள் இருப்பதால் அலுமினியத்தை டிக் வெல்டிங்கில் ஒட்டத் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். லாரி பாடி கட்டுபவரிடம் கொடுத்தால் வேலை உறுதியாக இருக்கும், எடையும் லாரி அளவுக்கே இருக்கும். என் 190 கிலோ கூடு அப்படிப் பிறந்ததுதான். பட்டறைக்காரரிடம் பேசும்போது விலைக்கு முன் எடையைப் பேசுங்கள். "முடிஞ்சதும் எடை போட்டு 140-க்குள்ள இருந்தா மீதிப் பணம், மேஸ்திரி" என்று முதலிலேயே சொல்லி எழுதிக்கொண்டால் அவரும் குழாயைப் பார்த்து எடுப்பார்.

ரப்பர் பீடிங், ஸ்ட்ரட், துணி மூன்றும் தேய்ந்து மாற்ற வேண்டியவை. அவை நம் ஊர்க் கடையில் கிடைக்கும் அளவுதானா என்று கேட்டு வையுங்கள்.

9. பொருத்தும் நாள்

விளிம்பைக் கழுவி முழுதும் காய விடுங்கள். ஈரத்தின்மேல் ஒட்டிய ரப்பர் பட்டி ஒரு மாதத்தில் உரியும். பட்டியை ஒட்டிய பிறகு நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்து, மேலிருந்து நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் இழுத்து நகர்த்தினால் பட்டி சுருண்டுகொள்ளும்.

கிளாம்ப்களைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் போட்டு, பின் கதவு தடையில்லாமல் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். பிறகு எதிரெதிர் மூலையாக மாறி மாறி இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடு கோணும். ஆறு கிளாம்புக்குக் குறைய வேண்டாம்.

செல்ஃப் ஸ்க்ரூ வைத்துத் தொட்டி விளிம்பில் முடுக்குவதை அனுமதிக்காதீர்கள். அதிர்வில் துளை பெரிதாகும், துருவும் அங்கேதான் தொடங்கும்.

பிரேக் விளக்கு, உள் விளக்கு ஒயர்களுக்கு பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். கூட்டில் வைத்தால் நடுவே ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது அந்த ஃபியூஸ் உதவாது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா கிளாம்ப்களையும் மறுபடி இறுக்குங்கள். ரப்பர் அமுங்கி இடம் கொடுத்திருக்கும்.

10. தண்ணீர், தூசி, மறு எடை

இருட்டிய பிறகு ஒருவர் உள்ளே டார்ச் அடிக்க, மற்றவர் வெளியே சுற்றிவரட்டும். வெளிச்சம் கசியும் ஒவ்வொரு இடத்திலும் சாக்பீஸ் குறி. மறுநாள் தண்ணீர்க் குழாயை வைத்து முன்பக்கத்திலிருந்து இருபது நிமிடம் பீய்ச்சுங்கள். ஓடும்போது மழை முன்னாலிருந்துதான் அடிக்கிறது. மேலிருந்து மட்டும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் உண்மை தெரியாது.

தூசிக்கு வழி பின் கதவு. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, கதவைச் சுற்றிய சந்துகள் வழியே புழுதி உள்ளே உறிஞ்சப்படுகிறது. கதவின் அடிச்சந்து, கீல் பக்கச் சந்து இரண்டுக்கும் பீடிங் போட்டு, கூட்டின் முன்பக்கம் சிறிய காற்றுத் துளை ஒன்றைத் திறந்து வையுங்கள். உள்ளே காற்று நிறைந்தால் புழுதியை இழுக்காது.

பிறகு பயணத்துக்கு ஏற்றுவதுபோலவே எல்லாம் ஏற்றி, அதே எடை மேடைக்குப் போய் மூன்று சீட்டு வாங்குங்கள். பின் அச்சு எண் கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டினால் தண்ணீரைக் குறையுங்கள், போகும் ஊரில் தண்ணீர் கிடைக்கும்.

11. முதல் இரவு

முதல் இரவு வீட்டு வாசலில் தூங்குங்கள். மறந்த பொருள் பத்தடி தூரத்தில் இருக்கும்.

படுக்கும் முன் பின் கதவை மூடி, உள்ளிருந்து திறந்து பாருங்கள். வெளியே மட்டும் பூட்டக்கூடிய கைப்பிடி உள்ள கூடுகள் வருகின்றன. சரக்குக்கு அது சரி, மனிதர் தூங்கும் கூட்டில் உள்ளிருந்து திறக்கும் பிடி இல்லாமல் ஒரு இரவும் வேண்டாம். உள்ளே அடுப்பு மூட்டாதீர்கள், குளிருக்கென்று கரி அள்ளி வைக்காதீர்கள். என்ஜினையும் ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஐப்பசி முதல் தை வரை ராகி முற்றும் காலம், யானைகள் வயலுக்கு இறங்கும். அந்த மாதங்களில் ராகிக் காட்டை ஒட்டி வண்டி நிறுத்த வேண்டாம். தெரிந்தவர் நிலமே ஆனாலும் ஊருக்குள் நிறுத்துங்கள். பழமும் சாப்பாடும் துணிக் கூட்டுக்குள் வேண்டாம், கேபினுக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

காலையில் கூரையை இறக்கும்போது துணியை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இறக்குங்கள். வெளியே பிதுங்கிய துணி விளிம்பில் நசுங்கினால் முதலில் ஓட்டை, அடுத்து கிழிசல். இரண்டு தாழ்ப்பாளும் விழுந்ததைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் கையால் இழுத்துப் பாருங்கள். மழையில் நனைந்த துணியோடு மூட வேண்டி வந்தால், வீடு சேர்ந்த அன்றே கூரையை எழுப்பி, சன்னல்களைத் திறந்து காய விடுங்கள். இரண்டு நாள் தள்ளினால் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை ஏறிவிடும், கேன்வாஸில் ஏறிய அந்தப் புள்ளி எத்தனை முறை தேய்த்தாலும் போகாது.